வான் தந்தைக்கு முடிசூட்டியது யார்?

பழைய ரோமில் ஃபிளாமென் தியாலிஸ் என்றொரு பதவி இருந்தது. ரோமரின் பெருந்தெய்வமான ஜூபிடருக்கென்றே நியமிக்கப்பட்ட பூசாரி. மரியாதைக்குக் குறைவில்லை, செனட் சபையில் இருக்கைகூட உண்டு. ஆனால் அந்த மனிதர் ஒரு நாளாவது நிம்மதியாக இருந்திருப்பாரா என்பது சந்தேகம். அவருக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளை கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆலுஸ் கெல்லியுஸ் என்ற எழுத்தாளர் தொகுத்து வைத்திருக்கிறார். குதிரை ஏறக் கூடாது. எல்லைக்கு வெளியே அணிவகுத்து நிற்கும் படையைக் கண்ணால் பார்க்கக் கூடாது. சத்தியம் செய்யக் கூடாது. உடையில் எங்கும் முடிச்சு இருக்கக் கூடாது. பெண் ஆடு, பச்சை இறைச்சி, அவரை ஆகியவற்றைத் தொடுவது ஒருபுறமிருக்கட்டும், பெயரைக்கூடச் சொல்லக் கூடாது. கட்டில் கால்களில் மெல்லிய களிமண் பூச்சு இருக்க வேண்டும். அந்தக் கட்டிலை விட்டுத் தொடர்ந்து மூன்று இரவுகள் வெளியே தங்கக் கூடாது. வெட்டிய நகத்தையும் முடியையும் நல்ல மரம் ஒன்றின் அடியில் புதைக்க வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணத்தை நாம்தான் ஊகிக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கெல்லியுஸே விளக்கம் தந்துவிடுகிறார். கூரைக்குக் கீழே அல்லாமல் வேறெங்கும் அவர் உள்ளாடையைக் கழற்றக் கூடாது. திறந்த வெளியில் கழற்றினால் ஜூபிடரின் கண்ணெதிரே அம்மணமாக நிற்பது போலாகிவிடுமாம்.

கி.மு. 87இல் உள்நாட்டுப் போரின்போது இந்தப் பதவியில் இருந்த மெருலா தன் நாளங்களை அறுத்துக்கொண்டு இறந்தார். பூசாரித் தொப்பியோடு சாவது பாவம் என்பதால் முன்னதாகவே அதைக் கழற்றிவிட்டதாக எழுதிய ஒரு பலகை அருகில் கிடந்ததாம். அதன் பிறகு பதின்ம வயது ஜூலியஸ் சீசரின் பெயர் அடிபட்டது, நடக்கவில்லை. கி.மு. 11இல் அகஸ்டஸ் ஆள் நியமிக்கும் வரை இடம் காலியாகவே கிடந்தது. இத்தனை கட்டுப்பாட்டோடு யார் வருவார்?

என்னைப் பிடித்து இழுத்தது அந்த உள்ளாடை விதிதான். அதில் ஜூபிடர் மேகத்தின்மேல் அரியணை போட்டு அமர்ந்த அரசன் அல்ல. கையில் இடியும் இல்லை. வெட்டவெளியில் தலைக்கு மேலே என்ன இருக்கிறதோ அதுவே அவர். வானம். லத்தீனில் ‘ஜூபிடருக்குக் கீழே’ என்றால் திறந்த வெளியில் என்று பொருள். குளிர்ந்த ஜூபிடருக்குக் கீழே, இளம் மனைவியையும் மறந்து காத்திருக்கும் வேட்டைக்காரனை ரோமக் கவிஞர் ஹொரேஸ் பாடுகிறார். பனியில் கிடக்கிறான் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்.

லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் முதலியவற்றுக்கெல்லாம் தாயான பழைய மொழியை மூல இந்தோ-ஐரோப்பியம் என்பார்கள். அதைப் பேசியவர்களும் வானத்தைத் தந்தையாக வணங்கினார்கள். ஆனால் இணையத்தில் இன்று ‘மூல இந்தோ-ஐரோப்பிய வான் தந்தை’ என்று தேடினால் வேறொருவர் வந்து நிற்பார். நீண்ட வெள்ளைத் தாடி, தசை முறுக்கிய தோள்கள், கையில் மின்னல், பின்னணியில் புல்வெளியும் குதிரைகளும். ‘ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தேவராஜன்’ என்று தலைப்பு. எனக்கு அந்தப் படத்தோடுதான் சண்டை. அந்தக் கடவுளைப் பற்றி நம் கையில் இருக்கும் சான்று அழகானது, உறுதியானது, ஆனால் மிகச் சிறியது. அதில் அரியணை கிடையாது.

சான்று என்ன என்று பார்ப்போம். ஜூபிடர் என்ற பெயரே விளி. நம் இலக்கணக் கணக்கில் எட்டாம் வேற்றுமை. ‘யூ-’ என்பது வானக் கடவுளை அழைக்கும் வடிவம், ‘பித்தேர்’ என்பது ‘பாத்தேர்’, அதாவது தந்தை. எழுவாய் வடிவமான ‘தியெஸ்பித்தேர்’ லத்தீனில் இருந்தது, ஆனால் வழக்கு குறைந்துவிட்டது. கூப்பிட்டுக் கூப்பிட்டே, கூப்பிட்ட வடிவம் பெயராக நிலைத்துவிட்டது. ரோமுக்கு வடக்கே, இன்றைய குப்பியோ நகரில் 1444இல் ஏழு வெண்கலத் தகடுகள் கிடைத்தன. லத்தீனுக்கு உறவான உம்பிரிய மொழியில் சடங்கு விதிகள் எழுதிய தகடுகள். அவற்றில் இதே கடவுள் ‘யூபாத்தேர்’. கிரேக்கத்தில் ஹோமரின் வீரர்கள் ‘ஜீயூ பாத்தேர்’ என்று கூவுகிறார்கள். ரிக்வேதம் 6ஆம் மண்டலம், 51ஆம் சூக்தம், 5ஆம் மந்திரம் இப்படித் தொடங்குகிறது: ‘த்யௌஷ்பிதஃ ப்ருதிவி மாதரத்ருக் அக்னே ப்ராதர் வஸவோ ம்ருளதா நஃ’. வானத் தந்தையே, வஞ்சமில்லாத நிலத் தாயே, அக்னிச் சகோதரனே, வசுக்களே, எங்களுக்கு இரங்குங்கள்.

ஒலி ஒத்துப்போனால் போதும், உறவு நிரூபணம் என்று நினைப்பவர்கள் நம்மிடையே ஏராளம். ஒலி ஒப்புமை ஏமாற்றும். கிரேக்கத்தில் கடவுளுக்கு ‘தேயோஸ்’, லத்தீனில் ‘தேயுஸ்’. அண்ணன் தம்பி போலத் தோன்றும் இந்த இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. இரண்டும் வெவ்வேறு வேர்களிலிருந்து வந்தவை. ஆனால் ஒலியில் அவ்வளவாக ஒட்டாத கிரேக்கரின் ஜீயஸும் வேதத்தின் த்யௌஸும் ஒரே சொல். எப்படித் தெரியும்? வேற்றுமை உருபுகளால். ஜீயஸ் கிரேக்கத்தில் ஒழுங்கற்ற சொல். இரண்டாம் வேற்றுமையில் ஹோமரிடம் ‘ஜேன்’ என்று வருகிறது. ஆறாம் வேற்றுமையில் ‘திஓஸ்’. சமஸ்கிருதத்தில் த்யௌஸ் இரண்டாம் வேற்றுமையில் ‘த்யாம்’, ஆறாம் வேற்றுமையில் ‘திவஸ்’. லத்தீனில் பகலைக் குறிக்கும் சொல்லின் இரண்டாம் வேற்றுமை ‘தியெம்’. ஒரு சொல் எங்கே நியாயமாக வளைய வேண்டுமோ அங்கே வளையாமல், மூன்று மொழிகளிலும் ஒரே இடத்தில் ஒரே விதமாகக் கோணிக்கொள்கிறது. இரவல் வாங்கிய சொல் இப்படிக் கோணாது. இரவல் வாங்குபவர்கள் தங்கள் மொழியின் ஒழுங்குக்கு அதைப் பழக்கிவிடுவார்கள். கோணல் பரம்பரையாகத்தான் வரும்.

‘திஓஸ்’ நடுவில் ஒரு வகரம் இருந்திருக்க வேண்டும் என்று இலக்கணிகள் முன்பே சொல்லியிருந்தார்கள். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ், கிரேக்கத்தை எழுதிய மிகப் பழைய எழுத்துமுறையான நேர்கோட்டு ‘பி’யைப் படித்துக் காட்டியபோது அது களிமண்ணில் எழுதிக் கிடந்தது. கிரேக்கத்தின் தென்மேற்கே பைலோஸ் அரண்மனையில் கிடைத்த ஒரு பலகை காணிக்கைக் கணக்கு. ‘தி-வெ’, அதாவது ஜீயஸுக்கு: ஒரு பொற்கிண்ணம், ஓர் ஆண். அவர் மனைவி ஹீராவுக்கு: ஒரு பொற்கிண்ணம், ஒரு பெண். அடுத்த வரியில் ‘தி-வொ’ என்று ஆறாம் வேற்றுமையும் வருகிறது. ஹோமருக்கு நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் முந்தைய கணக்குப்பிள்ளை எழுதியது. அந்த ஆணும் பெண்ணும் கிண்ணத்தைச் சுமந்து வந்தவர்களா, கிண்ணத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. கிரேக்கத்தில் எழுவாய் ‘ஜீயஸ்’ ஏறுகுரலில் ஒலிக்கும். விளியான ‘ஜீயூ’ ஏறி இறங்கும். மேலே சொன்ன ரிக்வேத மந்திரத்தில் ‘த்யௌஷ்’ என்ற விளிக்குச் சாதாரண உதாத்தம், அதாவது ஏறுகுரல், கிடையாது. அங்கே ஏறி இறங்கும் ஸ்வரிதம், அதுவும் நடுங்கும் ஸ்வரிதம். ஏடுகளில் அந்த இடத்தில் 3 என்ற எண்ணைப் போட்டிருப்பார்கள். கடவுளைக் கூப்பிடும்போது குரல் ஏறி இறங்கிய விதம்கூட இரண்டு மரபுகளில் தனித்தனியே தப்பி வந்திருக்கிறது. எழுத்தறியாத கூட்டம் ஒன்று கருங்கடலுக்கு வடக்கே எங்கோ வானத்தைப் பார்த்துக் கூவியபோது இருந்த சுருதி அது. தொல்லியலாளர்கள் எத்தனை மேடுகளைத் தோண்டினாலும் இது கிடைக்காது.

மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை என்பதால், மீட்டுருவாக்கிய சொற்களுக்கு முன்னால் மொழியியலாளர்கள் ஒரு நட்சத்திரக் குறி இடுவார்கள். இந்தச் சொல் எங்கும் எழுதிக் கிடைக்கவில்லை, கணக்குப் போட்டுக் கண்டது என்பதற்கான எச்சரிக்கை அது. வானக் கடவுளின் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் இருப்பது பொருத்தம்தான் என்று வைத்துக்கொள்ளலாம். தோராயமாகத் தமிழில் எழுதினால் ‘த்யேவுஸ் ப்ஹதேர்’. நடுவிலுள்ள அந்த ‘ஹ’ போன்ற ஒலிக்கும் ஒரு கதை உண்டு. தந்தை சமஸ்கிருதத்தில் ‘பிதா’, கிரேக்கத்தில் ‘பதேர்’. இங்கே இகரம், அங்கே அகரம். இத்தகைய முரண்களைத் தீர்க்க, மறைந்துபோன சில ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்று 21 வயது மொழியியலாளர் சொஸ்யூர் 1879இல் ஊகித்தார். பலர் நம்பவில்லை. 1915இல் ஹ்ரோஸ்னி என்ற அறிஞர், இன்றைய துருக்கியான அனடோலியாவில் வழங்கிய பழைய ஹிட்டைட் மொழியைப் படித்தார். 1927இல் மொழியியலாளர் குரிலோவிச், சொஸ்யூர் சொன்ன ஒலிகளில் ஒன்று ஹிட்டைட் எழுத்தில் அப்படியே நிற்பதைக் காட்டினார். அதே ஒப்பீட்டு வழிமுறையால்தான் 1816இல் சென்னையில் எல்லிஸும் 1856இல் கால்டுவெல்லும் தமிழ்க் குடும்பம் வேறு என்று நிறுவினார்கள். அந்த வழிமுறை எதை இணைக்கிறது என்பதைப் போலவே எதைப் பிரிக்கிறது என்பதும் முக்கியம். த்யேவுஸ் நம் மொழிக் குடும்பத்தின் சொத்து அல்ல. அதற்குத் தமிழ் வேர் தேடுவது வீண் வேலை.

ஆனால் பெயர் நம் காதில் விழாமல் இல்லை. தேன் அபிஷேகம் நடக்கும் கோயில்களில் குருக்கள் ‘மது வாதா ருதாயதே’ என்று தொடங்கும் மந்திரத்தைச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். திதி கொடுக்கும் வீடுகளிலும் அது ஒலிக்கும். காற்று தேனாகட்டும், ஆறுகள் தேனாகட்டும், இரவும் விடியலும் தேனாகட்டும் என்று போய், ‘மது த்யௌரஸ்து நஃ பிதா’ என்கிறது. எங்கள் தந்தையான த்யௌஸ் இனியவராகட்டும். ஒலிபெருக்கியில் நாதஸ்வரமும், தேன் பாட்டிலைத் திறக்கும் அவசரமுமாக இருக்கும் நேரத்தில் அது கடந்து போய்விடும். ஜீயஸுக்குக் கோயில்கள் இடிந்து ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய பழைய பெயர் தினசரி வழிபாட்டில் மிச்சமிருக்கும் இடங்களில் தமிழ்நாடும் ஒன்று.

வேத அறிஞர் மாக்ஸ் முல்லர் இந்தச் சமன்பாட்டை, த்யௌஸ் பிதா, ஜீயஸ் பாத்தேர், ஜூபிடர், பழைய ஸ்காண்டிநேவியரின் நார்ஸ் மொழியில் தைர், மனித குலத்தின் பழைய வரலாறு பற்றி 19ஆம் நூற்றாண்டு கண்ட மிக முக்கியமான கண்டுபிடிப்பு என்றே 1880களில் எழுதினார். நான்கில் மூன்று சரி. தைர் இந்த வரிசையில் வராது. அவர் பெயர் த்யேவுஸிலிருந்து அல்ல, அதிலிருந்து கிளைத்த ‘தெய்வோஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘வானுக்குரியவர்’ என்று பொருள். நம் தேவன், லத்தீன் தேயுஸ், லிதுவேனியரின் தியேவாஸ் எல்லாம் அந்த வழி. தைர் என்றால் வெறுமனே ‘கடவுள்’. முல்லருக்கு அதைவிடப் பெரிய சறுக்கல் வேறு: எல்லாப் புராணமும் சூரியன் எழுவதையும் மறைவதையும் பற்றிய பேச்சு திரிந்து வந்தது என்றார். 1870இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி இதழ் ஒன்றில் லிட்டில்டேல் என்ற பாதிரியார், முல்லரின் முறையையே எடுத்து, மாக்ஸ் முல்லர் என்றொரு மனிதரே இருந்ததில்லை, அவரும் சூரியப் புராணம்தான் என்று நிரூபித்துக் காட்டினார். பகடியில் இதற்கு இணையான ஒன்றை நான் படித்ததில்லை.

சரி, பெயர் உறுதி. ஆளைப் பற்றி என்ன தெரியும்? குடும்பம் தெரியும். அவர் தந்தை. நிலம் தாய். விடியல் மகள்: ரிக்வேதத்தில் உஷஸ் ‘திவோ துஹிதா’, வானின் மகள். இரட்டைக் குதிரை வீரர்கள் மகன்கள்: வேதத்தில் அசுவினிகள் ‘திவோ நபாதா’, கிரேக்கத்தில் ‘தியோஸ் கூரோய்’, லாத்வியப் பாட்டில் ‘தியேவ தேலி’. மூன்றும் வானத்தின் பிள்ளைகள் என்றே சொல்கின்றன. நிலத்தாயின் பெயரிலும் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. பிருதிவி என்றால் பரந்தவள். அதே சொல் கிரேக்கத்தில் ‘பிளாத்தாயா’. பாரசீகரோடு நடந்த போரால் புகழ்பெற்ற அந்தச் சிற்றூரின் பெயர். அங்கே ஒரு திருவிழாக் கதை: ஹீரா கோபித்துக்கொண்டு போய்விட, ஜீயஸ் ஒரு மரப்பொம்மைக்குப் பெண் வேடமிட்டு, பிளாத்தாயாவை மணக்கப்போகிறேன் என்று ஊரறியச் சொல்கிறார். ஹீரா ஓடிவந்து திரையை விலக்கினால் உள்ளே மரக்கட்டை. வானமும் பரந்த நிலமும் மணம் செய்த பழைய நினைவு, பொம்மைக் கல்யாணமாக மிஞ்சியிருக்கிறது என்று தோன்றுகிறது.

இந்தியாவில் அதே கல்யாணம் ஐதரேய பிராமணத்தில் வருகிறது. இரண்டு உலகங்களும் சேர்ந்திருந்தன, பிரிந்தன. மழையும் பெய்யவில்லை, வெயிலும் காயவில்லை. ஐந்து குலங்களுக்குள் ஒற்றுமை போயிற்று. பிறகு தேவர்கள் இரண்டையும் கூட்டிவந்து மணம் முடித்தார்கள். எபிரஸ் மலைநாட்டில் இருந்த தோதோனாவில், ஜீயஸின் பூசாரினிகள் பாடிய வரிகளைக் கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் குறித்துவைத்திருக்கிறார்: ஜீயஸ் இருந்தார், ஜீயஸ் இருக்கிறார், ஜீயஸ் இருப்பார், நிலம் விளைச்சல் தருகிறது, நிலத்தைத் தாய் என்று அழையுங்கள். கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த சித்தியர்கள் ஜீயஸைப் ‘பாபாயோஸ்’ என்று அழைத்ததாகவும், நிலம் அவர் மனைவி என்று நம்பியதாகவும் எழுதும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று தன் பங்குக்கு ஆமோதிக்கிறார். அப்பா என்ற பெயர் யாருக்குத்தான் பொருந்தாது.

வேறென்ன தெரியும்? அவர் பார்க்கிறார். அதனால் சத்தியம் செய்பவர்கள் அவரைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். டிராய் போரில் பாரிஸும் மெனலாஸும் தனியே மோதும் முன் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் கைகளை உயர்த்தி, தந்தை ஜீயஸே, எல்லாவற்றையும் காணும் சூரியனே, ஆறுகளே, நிலமே, சாட்சியாக இருங்கள் என்கிறான். ரோமும் பக்கத்து நகரான ஆல்பாவும் உடன்படிக்கை செய்தபோது, கேள் ஜூபிடரே, என்று தொடங்கிய தூதப் பூசாரி, உடன்படிக்கையை முதலில் மீறுவது ரோம மக்களானால் இந்தப் பன்றியை நான் அடிப்பது போல அவர்களை நீ அடி என்று சொல்லி, சிக்கிமுக்கிக் கல்லால் பன்றியை அடித்துக் கொன்றதாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். சத்தியத்துக்கென்றே ரோமில் தியுஸ் ஃபிதியுஸ் என்ற தெய்வம் இருந்தது. அவர் கோயில் கூரையில் துளை இருந்தது, வானம் தெரிவதற்காக. அவர் பெயரால் கூரைக்குக் கீழே சத்தியம் செய்வது தகாது என்று சிலர் சொன்னதாக ரோம அறிஞர் வார்ரோ குறிப்பிடுகிறார். ரிக்வேதத்திலும் வானமும் நிலமும் ‘விச்வவிதா’, எல்லாம் அறிந்த தந்தையும் தாயும். ஃபிளாமென் தியாலிஸின் உள்ளாடைக் கவலை தனிமனிதக் கூச்சம் அல்ல என்று இப்போது தெரியும்.

இங்கே சான்று நின்றுவிடுகிறது. அவர் யாரை வென்றார், யாரைக் கொன்றார், எப்படி அரசரானார் என்று எந்தக் கதையும் இரண்டு மூன்று மரபுகளில் அவர் பெயரோடு ஒத்து வரவில்லை. பாம்பைக் கொல்லும் கதை ஒத்து வருகிறது. அது வேறொரு கடவுளின் கதை. இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஜீயஸ் கையில் இடி, இந்திரன் கையில் வஜ்ராயுதம், ஆகவே இருவரும் ஒருவரே என்பார்கள். தொழிலால் ஒருவர் போல இருக்கலாம், பரம்பரையால் அல்ல. ஜீயஸின் உறவுக்காரர் த்யௌஸ். த்யௌஸ் இந்திரனுக்குத் தகப்பன் முறை.

ரிக்வேதத்தில் அந்தத் தகப்பனின் நிலையைப் பாருங்கள். இந்திரனுக்கு ஏறக்குறைய 250 சூக்தங்கள். மகன்களான அசுவினிகளுக்கு 50க்கு மேல். மகள் உஷஸுக்கு 20, அதுவும் வேதத்தின் ஆகச் சிறந்த கவிதைகள். த்யௌஸுக்குத் தனியாக ஒன்றுகூட இல்லை. மனைவியோடு சேர்த்து ஆறு. மனைவிக்காவது மூன்றே மந்திரங்கள் கொண்ட ஒரு சின்னச் சூக்தம் தனியாக உண்டு. த்யு என்ற சொல் நூற்றுக்கணக்கான இடங்களில் வருகிறது, ஆனால் பெரும்பாலும் வெறும் வானம், சில இடங்களில் பகல். உவமைகளில் மட்டும் அவருக்கு மரியாதை குறையவில்லை: முத்துகளால் அலங்கரித்த கருங்குதிரையைப் போல முன்னோர் இரவு வானத்தை நட்சத்திரங்களால் அழகு செய்தார்கள் என்று 10ஆம் மண்டலம் சொல்கிறது. அவரிடம் இருந்த வேலைகள் கை மாறிவிட்டன. மழையும் வீரமும் இந்திரனிடம் போயின. பார்க்கும் கண் வருணனிடம் போயிற்று. இருவர் ரகசியமாக உட்கார்ந்து பேசினால் மூன்றாவதாக இருந்து கேட்பவன் வருணன், அவனுடைய ஒற்றர்கள் வானத்திலிருந்து இறங்கி வருகிறார்கள் என்று அதர்வ வேதம் மிரட்டுகிறது. பட்டா தாத்தா பெயரில் இருக்கிறது, வெள்ளாமை முழுவதும் பிள்ளைகள் கையில், அப்படியொரு நிலை.

கிரேக்கர்கள் எதிர்த்திசையில் போனார்கள். தந்தையின் பெயரை வைத்துக்கொண்டு புயல் கடவுளின் வேலையை அவரிடமே கொடுத்துவிட்டார்கள். மேகம் திரட்டுபவர், இடி முழக்குபவர், ஒலிம்பஸ் அரசர் என்பதெல்லாம் அப்படிச் சேர்ந்த பட்டங்கள் என்பது என் கணிப்பு. அண்டை நாடுகளில் ஹிட்டைட்டுகளும் சிரியர்களும் புயல் கடவுளையே அரசனாக வைத்திருந்தார்கள். அந்தக் காற்று ஏஜியன் கடலுக்கும் வீசியிருக்கும். ஆனாலும் ஏதென்ஸ் மக்கள் வேண்டிக்கொண்ட விதத்தில் பழைய ஆள் எட்டிப் பார்க்கிறார்: பெய், பெய், அன்பான ஜீயஸே, ஏதென்ஸ்காரர்களின் உழுத நிலத்தின்மீது பெய். ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸ் இந்தப் பிரார்த்தனையின் எளிமையை மெச்சுகிறார். இதில் அரசனுக்குச் செய்யும் முகத்துதி ஒரு சொல்கூட இல்லை.

அனடோலியாவில் இன்னொரு விதம். ஹிட்டைட் மொழியின் மிகப் பழைய எழுத்தான அனித்தா அரசனின் பதிவில், நெசா நகரிலிருந்து சால்புவா அரசன் தூக்கிப்போன ‘எங்கள் சியு’வை மீட்டுக்கொண்டு வந்ததாக அவன் பெருமைப்படுகிறான். சியு என்பது த்யேவுஸ்தான். அதன் பின் வந்த ஹிட்டைட் ஏடுகளில் சியு என்றால் பொதுவாகக் கடவுள், எந்தக் கடவுளும். அங்கே அவர் பெயர்ச்சொல்லாகக் கரைந்துபோனார். பாரசீகத்தில் கதை இன்னும் விபரீதம்: தேவர் என்ற சொல்லே பேய்களுக்கு ஆகிவிட்டது. தேவ வழிபாட்டிடத்தை இடித்ததாகப் பாரசீக மன்னன் செர்க்செஸ் தன் தலைநகர் பெர்சிபோலிஸில் கல்வெட்டு வைத்தான்.

எனக்குப் பிடித்தவர் லாத்வியாவின் தியேவ்ஸ். பெயர் தெய்வோஸ் வழி வந்தாலும் குணம் வான் தந்தையுடையது. கிறிஷ்யானிஸ் பாரோன்ஸ் என்பவர் 1894 முதல் 1915 வரை சுமார் 2,18,000 நாட்டுப்பாடல் வடிவங்களைத் தொகுத்து வெளியிட்டார். பெரும்பாலும் நான்கு வரிப் பாடல்கள். அவற்றைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி இழுப்பறைகளில் வைத்திருந்த அலமாரியை 2001இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அந்தப் பாடல்களில் தியேவ்ஸ் சாம்பல் நிறக் கோட்டு அணிந்த ஒரு விவசாயி. மெல்ல மெல்லக் கடவுள் குன்றிலிருந்து இறங்கி வந்தார், பூத்த மரத்தையும் கலைக்கவில்லை, உழுபவனின் குதிரையையும் மிரட்டவில்லை என்கிறது ஒரு பாட்டு. இடி இடிக்கும் வேலைக்கு அங்கே பேர்கோன்ஸ் என்று வேறொருவர் இருக்கிறார். ஆகவே தந்தைக்கு அவசரமும் இல்லை, கோபமும் இல்லை. மூலக் கடவுளுக்கு மிக அருகில் நிற்பவர் ஒலிம்பஸ்காரரா, இந்தக் கோட்டுக்காரரா என்று கேட்டால் நான் யோசிக்காமல் இரண்டாமவரைக் காட்டுவேன். கிறித்தவத் தந்தைக் கடவுளின் சாயல் இதில் படிந்திருக்கலாம் என்று மறுப்பவர்கள் உண்டு. நியாயமான மறுப்புதான். ஆனால் அந்தச் சாயல், குன்றில் பார்த்து இறங்கும் குதிரைக்காரரைத் தந்திருக்காது.

பிறகு ஏன் தாடியும் மின்னலும் கொண்ட தேவராஜன்? 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்கு ஒரு மூதாதை தேவைப்பட்டார். அவர் வென்றவராக இருப்பது வசதி. 1956இல் தொல்லியலாளர் மரியா கிம்புட்டாஸ், இந்தோ-ஐரோப்பியர் கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளியிலிருந்து பரவினார்கள் என்ற கருத்தை முன்வைத்தார். பின்னாளில், தாய்த்தெய்வத்தை வணங்கிய பழைய ஐரோப்பாவை வான் தந்தையை வணங்கிய குதிரைவீரர்கள் அழித்ததாக அதை வளர்த்தார். 2015இல் வந்த மரபணு ஆய்வுகள் புல்வெளியின் யாம்னயா மக்கள் ஐரோப்பாவுக்குள் பெருமளவில் வந்ததை உறுதிசெய்தன. மக்கள் வந்ததை எலும்பு சொல்லும். அவர்கள் கடவுள் அரசனா, தகப்பனா என்று எலும்பு சொல்லாது. இதைப் பிரித்துப் பார்க்கப் பொறுமையில்லாதவர்கள் இன்று அவருக்குப் புதிதாகத் துதிகள் எழுதி, பீடம் அமைத்து, வழிபடுகிறார்கள். இனவெறி பேசும் சிலருக்கோ அவர் கொடிக்கம்பம். வணங்குவது அவரவர் விருப்பம்; ஆனால் துதியின் இரண்டாவது வரியிலேயே கற்பனை தொடங்கிவிடுகிறது என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வரி, அதாவது அந்த விளி, மட்டும்தான் நம்மிடம் இருக்கிறது.

இந்தியாவில் அவருக்கு இன்னொரு பிறவி கிடைத்தது. இதை ஐரோப்பியக் கட்டுரைகள் பெரும்பாலும் அடிக்குறிப்பில் தள்ளிவிடுகின்றன. மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் த்யௌஸ் எட்டு வசுக்களில் ஒருவன். வசிஷ்டரின் பசுவை அவன் மனைவி பார்க்கிறாள். அதன் பாலைக் குடித்தால் பத்தாயிரம் ஆண்டு இளமை. உசீநர மன்னனின் மகளான தன் தோழிக்கு அந்தப் பசு வேண்டும் என்கிறாள். கணவன் தம்பிகளோடு சேர்ந்து ஓட்டிச் செல்கிறான். சாபம் விழுகிறது: எட்டுப் பேரும் மண்ணில் பிறக்க வேண்டும். மற்ற ஏழு பேருக்கும் சீக்கிரம் விடுதலை. கங்கை அவர்களைப் பிறந்ததும் ஆற்றில் விட்டுவிடுகிறாள். திருடியவன் மட்டும் நெடுங்காலம் இருந்து தீர வேண்டும். பெண் சுகம் கிடையாது, பிள்ளை கிடையாது, தகப்பன் நலனே வாழ்க்கை. அவன்தான் பீஷ்மன்.

இதைப் புனைந்தவர்களுக்கு த்யௌஸ் யார் என்பது நினைவிருந்ததா என்று யோசிப்பதுண்டு. வேத காலத்தில் தந்தை என்ற ஒரே தகுதியால் நின்றவர், இங்கே தகப்பனாகவே கூடாது என்று சபிக்கப்படுகிறார். அரசுரிமையைத் தானே விட்டுக்கொடுக்கிறார். தன் தந்தைக்குக் கல்யாணம் செய்து வைக்கிறார். பிள்ளையில்லாத அவரை ஊரே பிதாமகர் என்கிறது. சபையில் திரௌபதி நியாயம் கேட்கும்போது, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, தர்மம் நுட்பமானது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பிரெஞ்சு அறிஞர் துமெசில் இந்தத் தொடர்பை எடுத்து விரிவாக வாதாடினார். எல்லோரும் ஏற்கவில்லை, தற்செயல் என்பவர்களும் இருக்கிறார்கள். சில புராணங்களில் அந்த வசுவின் பெயர் பிரபாசன் என்று இருப்பதும் அவர்களுக்கு வசதி. நான் துமெசில் பக்கம். அரியணைக்குப் பக்கத்தில் கடைசிவரை இருந்தும் அதில் ஒரு நாளும் உட்காராத இந்தக் கிழவர், வெள்ளைத் தாடி தேவராஜனை விடச் சான்றுக்கு அதிகம் பொருந்துகிறார்.